மொரீசியஸ்: நூறு ரூபாய் நோட்டும் இன்னும் சில கேள்விகளும்

மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

உண்மைதான். அபூர்வமாக வாட்ஸ்அப்பும் சரியாகச் சொல்லும். ஆங்கிலம், அடுத்து தமிழ், அப்புறம் இந்தி. 1998 இறுதியில் வந்த புது நோட்டுகளில் இந்தி மேலேறி, தமிழ் கீழே போய்விட்டது. தமிழர்கள் கொதித்தார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களாகப் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள். 1834-க்குப் பிறகுதான் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வடக்கிலிருந்து பெரும் கூட்டம் வந்தது. 'முதலில் வந்தவர்கள் நாங்கள்' என்பது வாதம். மத்திய வங்கி நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படியே மறுபடி அச்சடித்தது.

ஆனால் எழுத்தைவிட நோட்டில் இருக்கும் முகங்கள்தான் சுவாரஸ்யம். 25 ரூபாயில் சீன வம்சாவளியினரான ஆ-சுவென், 100-ல் தமிழரான ரங்கநாதன் சீனிவாசன், 200-ல் முஸ்லிம் தலைவர் அப்துல் ரசாக் முகமது, 2000-ல் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம். 1000 ரூபாயில் இருப்பவர் கயெத்தான் துவால். சுதந்திரமே வேண்டாம், பிரிட்டனோடு இருப்போம் என்று பிரசாரம் செய்தவர்! 1967 தேர்தலில் அவர் கட்சிக்கு ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டும் விழுந்தது. தோற்ற பக்கத்தின் தலைவரை நோட்டில் போட்டு வைத்திருக்கும் நாடு வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

தேர்தலில் தோற்றவர்களுக்கும் அங்கே எம்.பி. பதவி உண்டாமே, இதென்ன கூத்து?

கூத்து இல்லை, பயம். 1968 மார்ச் 12-ல் சுதந்திரம். அதற்கு இரண்டு மாதம் முன்பு தலைநகர் போர்ட் லூயியில் இனக் கலவரம் வெடித்து, பிரிட்டிஷ் படையைக் கூப்பிட வேண்டியிருந்தது. 62 பேரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். தேர்தல் முடிந்ததும் எந்தச் சமூகத்துக்கு ஆள் குறைவு என்று பார்த்து, தோற்றவர்களில் நல்ல ஓட்டு வாங்கிய எட்டுப் பேர் வரை உள்ளே எடுப்பார்கள். 'பெஸ்ட் லூசர்' என்பதே அதன் பெயர்.

அரசமைப்பில் நான்கு பிரிவுகள்: இந்து, முஸ்லிம், சீனர், 'பொது மக்கள்'. வாழும் முறையைப் பார்த்தால் முதல் மூன்றில் எதிலும் சேராதவர்தான் நான்காவது பிரிவு! ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களும் பிரெஞ்சு வம்சாவளித் தோட்ட முதலாளிகளும் ஒரே பெட்டிக்குள். தமிழருக்குத் தனிப் பிரிவு கிடையாது, இந்துவிலேயே அடக்கம். இன்னொன்று, கணக்கெடுப்பில் சமூகத்தைக் கேட்பதை 1972-க்குப் பின் நிறுத்திவிட்டார்கள். ஆகவே இன்றைக்கும் அரை நூற்றாண்டுக்கு முந்தைய தலைக்கணக்கை வைத்துத்தான் சீட்டுப் பிரிக்கிறார்கள்.

இதை எடுத்துவிட வேண்டும் என்று அங்கே பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. 1982-லும் 1995-லும் 2024-லும் ஒரே கூட்டணி பிரதான தீவின் 60 இடங்களையும் அள்ளியது. தோற்றவர்களைச் சேர்க்காவிட்டால் எதிர்வரிசை காலி.

சர்க்கரை தவிர ஒன்றுமில்லாத தீவு எப்படி முன்னேறியது?

முன்னேறாது என்றுதான் நிபுணர் சொன்னார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் 1961-ல் அறிக்கை கொடுத்தார்: மலேரியா ஒழிந்து மக்கள்தொகை எகிறுகிறது, ஒரே பயிர், வேலை இல்லை. அவர் சொன்ன ஆபத்தில் தப்பில்லை. ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரை.

அரசு கரும்புத் தோட்டங்களைப் பறிக்கவில்லை. முதலாளிகளிடமே விட்டு, ஏற்றுமதிக்கு வரி போட்டது. 1975-ல் ஐரோப்பாவோடு லோமே ஒப்பந்தம் வந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டன் சர்க்கரையை, பெரும்பாலும் உலகச் சந்தை விலையைவிட நல்ல விலைக்கு ஐரோப்பா வாங்கிக்கொள்ளும். அந்தப் பணம் எங்கே போனது என்பதுதான் விஷயம். ஒரு பங்கு பள்ளிக்கூடத்துக்குப் போனது: 1977 முதல் உயர்நிலைக் கல்வி இலவசம். இன்னொரு பங்கு தோட்டக்காரர்கள் கையால் ஹோட்டலுக்கும் ஆடை ஆலைக்கும் போனது.

ஏற்றுமதி மண்டலச் சட்டம் (ஏற்றுமதிக்காக நடக்கும் ஆலைகளுக்கு வரிச் சலுகை தருவது) 1970-லேயே வந்திருந்தது. மற்ற நாடுகளில் வேலி போட்ட ஒரு பேட்டைதான் மண்டலம். இங்கே தீவு முழுக்க மண்டலம். ஆலை ஊருக்குள்ளேயே வந்ததால் பெண்கள் வீட்டிலிருந்து போய்வர முடிந்தது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வாங்கலாம் என்று பணக்கார நாடுகள் கோட்டா வைத்திருந்தன. தங்கள் ஊர் கோட்டா தீர்ந்துபோன ஹாங்காங் முதலாளிகள் இங்கே கடை விரித்தார்கள். கம்பளி நூலைக் கப்பலில் இறக்கி, ஸ்வெட்டராகப் பின்னி அனுப்பினார்கள். பெண்களுக்குச் சட்டப்படியே ஆண்களைவிடக் குறைந்த கூலி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1980-களின் நடுவில்தான் அது மாறியது. இதைச் சொல்லாமல் 'அதிசயம்' என்று எழுதுபவர்களை எனக்குப் பிடிக்காது.

இந்தியாவுக்குள் வரும் முதலீடெல்லாம் ஏன் மொரீசியஸ் வழியாக வந்தது? மோசடியா?

சட்டப்படி மோசடி இல்லை. 1982-ல் கையெழுத்தான இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தப்படி, மொரீசியஸ் நிறுவனம் இந்தியப் பங்கை விற்று லாபம் பார்த்தால் வரி போடும் உரிமை மொரீசியஸுக்குத்தான். அங்கே அந்த வரியே கிடையாது. பிறகென்ன, அமெரிக்கப் பணமும் போர்ட் லூயியில் ஒரு பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டு வந்தது. சுற்றிவந்த நம்மூர்ப் பணமும் அதில் உண்டு என்ற சந்தேகம் எப்போதும் இருந்தது. 2003-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. 2016-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளுக்கு இந்தியாவே வரி போடும் என்றாக்கினார்கள்.

மொரீசியஸுக்கு இது பழகிய அடி. 2005 தொடக்கத்தில் ஆடைக் கோட்டா முறையே போனது, ஹாங்காங்காரர்கள் அங்கே வந்த காரணமும் அதோடு போனது; அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பா சர்க்கரை விலையை 36 சதவீதம் வெட்டியது.

ஆட்சி மொழி எது?

அரசமைப்பில் நாட்டுக்கென்று ஆட்சி மொழியே இல்லை. நாடாளுமன்றத்துக்கு ஆங்கிலம், வேண்டுமானால் பிரெஞ்சிலும் பேசலாம். வீட்டிலும் சந்தையிலும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி.

சாகோஸ் தீவுகள் திரும்பக் கிடைத்துவிட்டனவா?

இந்தியப் பெருங்கடலில் மொரீசியஸோடு சேர்த்து ஆளப்பட்ட தீவுக்கூட்டம் அது. 1965-ல், சுதந்திரத்துக்கு முன்பே, பிரிட்டன் 30 லட்சம் பவுண்டு கொடுத்து அதைப் பிரித்துக்கொண்டது. அதிலேயே பெரிய தீவான டியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் வந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் 1973-க்குள் கப்பலேற்றப்பட்டார்கள். பிரித்தது சட்டப்படி சரியில்லை என்று 2019-ல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 2025 மே 22-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி இறையாண்மை மொரீசியஸுக்குப் போக வேண்டும், டியேகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகையில் பிரிட்டனிடம் இருக்க வேண்டும். குத்தகைப் பணம் சராசரியாக ஆண்டுக்கு 10 கோடி பவுண்டுக்குச் சற்று மேல். தங்களைக் கேட்காமலே பேசி முடித்துவிட்டார்கள் என்று சாகோஸ்காரர்களில் ஒரு பகுதியினர் இன்னும் கோபமாக இருக்கிறார்கள்.