எழுதிக் கேளுங்கள், எழுதி வாங்குங்கள்

வாசகர்களின் சட்டக் கேள்விகளுக்கு மன்னார்குடியைச் சேர்ந்த மூத்த பெண் வழக்கறிஞர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஆற்றில் தண்ணீர் வந்தும் எங்கள் வாய்க்காலுக்கு ஏறவில்லை. சம்பாப் பயிர் கருகுகிறதே என்று மெயின் ரோட்டில் உட்கார்ந்தோம். வேனில் ஏற்றிப் போய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மதியம் சாப்பாடு போட்டுச் சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு காகிதம்கூடத் தரவில்லை. இது கைதா, இல்லையா?
– ஒரு விவசாயி, குத்தாலம்

கைதுதான். உங்கள் விருப்பப்படி எழுந்து வீட்டுக்குப் போக முடியவில்லை என்றால் அது மண்டபமாக இருந்தாலும் காவல்தான். சாப்பாடு நன்றாக இருந்தது என்பதால் அது மாறிவிடாது. எதற்காகப் பிடித்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். வக்கீலைப் பார்க்க விட்டிருக்க வேண்டும். இரண்டையும் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு சொல்கிறது. குற்றம் நடக்காமல் தடுக்கிறோம் என்று பிடிப்பதற்கு, குற்ற வழக்கு நடைமுறைக்கான புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 170ஆம் பிரிவு இருக்கிறது. பழைய சி.ஆர்.பி.சி.யில் அது 151. அதிலும் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது.

எனக்குக் கவலை அந்த ஒரு நாளைப் பற்றி இல்லை. மண்டபத்தில் பெயர், அப்பா பெயர், வயது எல்லாம் எழுதி வாங்கியிருப்பார்களே, அந்தப் பட்டியலைப் பற்றித்தான். சட்டவிரோதமாகக் கூடியது, வழியை மறித்தது என்று அதே பட்டியலை வைத்து ஒரு வழக்கு பதிவாகியிருக்கும். வலங்கைமான் பக்கத்துப் பையன் ஒருவன் சிங்கப்பூரில் வேலை கிடைத்து, பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையில் "உங்கள் மேல் வழக்கு நிலுவையில் இருக்கிறது" என்று வந்த பிறகு என்னிடம் ஓடி வந்தான். மறியலில் உட்கார்ந்ததே அவனுக்கு மறந்துபோயிருந்தது. வழக்கை ரத்து செய்து வாங்குவதற்குள் அந்த வேலை போய்விட்டது. தண்ணீர் கேட்ட பிள்ளைக்கு இப்படி நேர்ந்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே இனி மண்டபத்தில் இருக்கும்போதே கேளுங்கள்: எந்தப் பிரிவு, எஃப்.ஐ.ஆர். எண் என்ன? வெளியே வந்ததும் முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தேடி எடுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். வழக்கு இருந்தால் ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போகலாம். கரூர் மாவட்டத்தில் இப்படிப் போராடியவர்கள் மீது போட்ட வழக்கில் 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அமைதியாகக் கூடிக் கோரிக்கை வைப்பதே சட்டவிரோதக் கூட்டம் ஆகாது, அரசு ஊழியரின் உத்தரவை மீறினார்கள் என்பதற்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்கிறது அது. உங்கள் வக்கீலிடம் ஜீவானந்தம் வழக்கு என்று சொன்னாலே புரிந்துகொள்வார்.

கேள்வி: இராத்திரி பதினொரு மணிக்கு மஃப்டியில் நாலு பேர் வந்து "விசாரணை" என்று என் மகனைக் கூட்டிப்போனார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் "இங்கே இல்லை" என்றார்கள். மறுநாள் சாயங்காலம்தான் இருக்கிறான் என்றார்கள். மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். மறுபடி வந்தால் நான் என்ன செய்வது?
– ஒரு தாய், திருத்துறைப்பூண்டி

அம்மா, முதலில் நேரத்தைக் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை பேர், வண்டி எண் என்ன, தெருவில் யார் பார்த்தார்கள். இதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பிடித்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். வழிப்பயண நேரத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் விடுமுறை என்று எதுவும் இதற்குக் கிடையாது. உங்கள் மகன் விஷயத்தில் இந்த 24 மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. "விசாரணைக்குத்தான் வைத்திருந்தோம், கைது செய்யவில்லை" என்ற பதில் செல்லாது. வெறும் விசாரணை என்றால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்லலாம், அதற்குப் பிரிவு இருக்கிறது. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் காரணம் எழுதாமல் கைது செய்யவே கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

கைது என்றால் கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கே வைத்திருக்கிறோம் என்று வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். டி.கே.பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள் இவை. இப்போது சட்டத்திலேயே ஏறிவிட்டன.

நான் ஜூனியராக இருந்தபோது இப்படி ஒரு தாய் வந்தால், என் சீனியர் பேச்சு எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார். உடனே தந்தி ஆபீசுக்கு ஆள் அனுப்புவார். மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்று, எஸ்.பி.க்கு ஒன்று, தலைமை நீதிபதிக்கு ஒன்று. "என் மகனை இன்ன தேதி, இன்ன மணிக்குப் பிடித்துப் போனார்கள், இன்னும் கோர்ட்டில் நிறுத்தவில்லை." தந்தியில் விழுந்த நேர முத்திரை அப்புறம் எந்தப் பொய்க் கைது நேரத்தையும் உடைத்துவிடும். 2013 ஜூலையோடு தந்தி நின்றுபோனது. இப்போது அதே வாசகத்தை ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் ஆளைக் காட்டவில்லை என்றால் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் மனு. உங்கள் ஊர் திருவாரூர் மாவட்டம், ஆகவே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். அவசரத்தில் பலர் இதில் குழம்பி ஒரு நாளை இழந்துவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும்.

இன்னொன்று. மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது "அடித்தார்களா?" என்று அவர் கேட்பார். பின்னால் போலீஸ் நிற்கும், பிள்ளை பயத்தில் "இல்லை" என்று தலையாட்டிவிடுவான். அந்த ஒரு "இல்லை" பின்னால் எல்லா வழியையும் அடைத்துவிடும். அடித்திருந்தால் அங்கேயே சொல்லச் சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தாத்தா உப்புச் சத்தியாகிரகத்தைப் பார்த்தவர். அன்றும் கலெக்டர் தடை போட்டார், இன்றும் தடை உத்தரவு போடுகிறார்கள். அப்படியானால் என்ன மாறியது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வேதாரண்யம்

ஐயா, 1930 ஏப்ரல் 13இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்டபோது, தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் போட்ட உத்தரவு உங்கள் தாத்தாவுக்கு நினைவிருந்திருக்கும். நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டாலும் தங்க இடம் கொடுத்தாலும் சிறை. நம் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 30இல் அகஸ்தியன்பள்ளியில் உப்பு அள்ளப்பட்டது. அந்த உத்தரவு நியாயமா என்று கேட்க அடிப்படை உரிமை என்ற ஒன்று அன்று இல்லை. மரக்கிளைதான் இருந்தது.

இன்று கலெக்டர் போடும் தடை உத்தரவு, அதாவது பழைய சி.ஆர்.பி.சி.யின் 144ஆம் பிரிவு, புதிய பி.என்.எஸ்.எஸ்.ஸில் 163, இரண்டு மாதத்துக்கு மேல் செல்லாது. மாநில அரசு நீட்டித்தால்தான் உண்டு, அதற்கும் ஆறு மாத வரம்பு இருக்கிறது. காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும், உத்தரவை வெளியிட வேண்டும், நியாயமான கருத்தை அடக்க இதைப் பயன்படுத்தக் கூடாது, திரும்பத் திரும்பப் போடுவது அதிகார துஷ்பிரயோகம் என்று 2020 ஜனவரியில் அனுராதா பசீன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாவட்டங்களில் "30(2) அமலில் இருக்கிறது" என்று அடிக்கடி அறிவிக்கிறார்களே, அது 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம். கூட்டத்தை ஒழுங்குபடுத்தத்தான் அதில் அதிகாரம் உண்டு. வருடம் முழுக்கக் கூட்டமே கூடாது என்று சொல்ல அதில் இடமில்லை. அனுமதி கேட்டு முன்கூட்டியே எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள் இருந்தால்தான் உயர் நீதிமன்றத்தில் பேச முடியும்.

மாறியது இதுதான் ஐயா. உத்தரவு போட்டவரை "காரணம் காட்டு" என்று கேட்க ஓர் இடம் இருக்கிறது. கேட்பவர்கள் குறைந்துபோனதுதான் என் ஆதங்கம்.

கேள்வி: கொள்ளிடத்தில் இரவில் மணல் அள்ளுவதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "எடுத்துவிடு, இல்லையென்றால் கேஸ், குண்டாஸ்" என்று போன் வருகிறது.
– வாசகர், திருவையாறு

பார்த்ததைப் பார்த்தபடி போட்டிருந்தால் எடுக்க வேண்டாம். படம் எடுத்த தேதி, நேரம், இடம் மூன்றும் இருக்கட்டும். யாரையும் சாதி சொல்லியோ வசை சொல்லியோ எழுதாதீர்கள். அதே படத்தோடு கலெக்டருக்கு ஒரு புகாரும் பதிவுத் தபாலில் போகட்டும். எரிச்சலூட்டும் பதிவுக்கெல்லாம் சிறை என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் அடியோடு ரத்து செய்துவிட்டது. மிரட்டல் போன் வந்த எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

குண்டாஸ் விஷயத்தில் உங்களுக்குப் பொய்த் தைரியம் சொல்ல மாட்டேன். 1982ஆம் ஆண்டின் அந்தத் தடுப்புக் காவல் சட்டத்தில் ஓராண்டு வரை விசாரணையின்றி வைக்கலாம், 24 மணி நேர விதியும் அங்கே உதவாது. நெடுவாசல் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டத்துக்காகச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த மாணவி ஒருவர் மீதே 2017இல் அதைப் போட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அந்தப் பெண் சிறையில் இருந்த நாட்களை யார் திருப்பித் தருவது? இந்தச் சட்டத்திலும் காவலில் வைத்த காரணங்களை ஐந்து நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும், மூன்று வாரத்துக்குள் ஆலோசனைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் கொடுக்கும் முறையீட்டைக் காரணமில்லாமல் தாமதித்தால் அதுவே உத்தரவு ரத்தாகப் போதும். ஆகவே முறையீட்டை உடனே கொடுக்க வேண்டும்.

கேள்வி: நெருக்கடி நிலை திரும்ப வந்தால் இந்த உரிமைகள் எல்லாம் போய்விடும்தானே?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

எல்லாம் போகாது தம்பி. அன்றைய நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற அமர்வின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், உயிரைக் காக்கக்கூட நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று சொன்னார்கள். எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மறுத்தார். முறைப்படி தலைமை நீதிபதி ஆக வேண்டியவரை மறு வருடம் தாண்டிப் போனார்கள், அவர் பதவி விலகினார். 1978இன் 44ஆவது திருத்தம் வந்த பிறகு குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதுகாப்பு தரும் 20ஆம் பிரிவையும், உயிரையும் தனி மனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவையும் நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது. அந்த 1976 தீர்ப்பையும் 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தவறு என்று தள்ளியது. அன்று பெரும்பான்மையில் இருந்த ஒய்.வி.சந்திரசூட்டின் மகன்தான் அதை எழுதினார்.

கேள்வி: போலீஸ், கலெக்டர் என்றே எழுதுகிறீர்கள். எங்கள் தெருப் பிணத்தைப் பொதுச் சாலை வழியாகத் தூக்கிப்போக ஊரார் விடவில்லை. வயல் வரப்பில் சேற்றில் இறங்கிப் போனோம். அரசியலமைப்பு இதற்கு என்ன சொல்கிறது?
– பெயர் வேண்டாம், கீழ்வேளூர்

உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். கீழ்வெண்மணி உங்கள் தாலுகாவில்தான் இருக்கிறது. கூலி கூட்டிக் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்தார்கள் என்பதற்காக 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தக் குடிசை எரிந்தபோது அரசியலமைப்பு வந்து 18 வருடம் ஆகியிருந்தது. காகிதத்தில் இருக்கும் உரிமையைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் இந்த நினைவோடுதான் எழுதுகிறேன்.

பேச்சுரிமை போன்றவை அரசைப் பார்த்துக் கேட்பவை. 17ஆம் பிரிவு அப்படி இல்லை. தீண்டாமை எந்த வடிவிலும் கூடாது என்று ஒவ்வொரு தனி மனிதரையும் அது கட்டுகிறது. பொதுச் சாலையில், சுடுகாட்டு வழியில் மறிப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முன் விசாரணை நடத்திப் பார்க்கிறோம் என்று எஃப்.ஐ.ஆரைத் தள்ளிப்போட முடியாது. டி.எஸ்.பி. நிலையில் உள்ளவர்தான் புலன்விசாரணை செய்ய வேண்டும். வாயால் சொன்னால் எழுதிக்கொண்டு, உங்களுக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, இலவசமாக நகல் தர வேண்டும். பட்டியல் சாதியைச் சாராத ஓர் அரசு ஊழியர் இதை வேண்டுமென்றே செய்யாமல் விட்டால், அதே சட்டத்தின் 4ஆம் பிரிவில் அவர் மேலேயே வழக்கு வரும்.

சமாதானக் கூட்டம் போட்டு "இனிமேல் பார்த்துக்கொள்ளலாம்" என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். பாதை பொதுப்பாதை என்பதற்கான வருவாய்த்துறை வரைபட நகலை எடுத்துக்கொண்டு மன்னார்குடிக்கு வாருங்கள். புகாரை நானே எழுதித் தருகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வா என்கிறார்கள். போகத்தான் வேண்டுமா?
– வாசகி, பாபநாசம்

வேண்டாம். 60 வயதைத் தாண்டியவர்களையும் பெண்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 179ஆம் பிரிவு. அவராகவே போக விரும்பினால் போகலாம், அது வேறு. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, அப்பாவின் ஆதார் நகலோடு இன்ஸ்பெக்டருக்குக் கொடுங்கள். இன்னொரு பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.