ட்ரோனுக்கு வெளிக் கம்பெனி பேட்டரி போடலாமா?

கேள்வி: திருமணங்களுக்கு வீடியோ எடுக்கும் தொழில் செய்கிறேன். என் டி.ஜே.ஐ. மினி 2 ட்ரோனின் இரண்டு பேட்டரிகளில் ஒன்று உப்பிவிட்டது. அசல் பேட்டரியின் பாதி விலைக்கு, 2700 எம்.ஏ.எச். என்று அச்சிட்ட வேறொரு தயாரிப்பு இணையத்தில் கிடைக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். கேமராவில் போட்ட மாற்று பேட்டரி பாதியில் நின்றால் படப்பிடிப்புதான் தடைப்படும்; நான்கு விசிறிகளின் சுழற்சியால் மட்டுமே காற்றில் நிற்கும் ட்ரோனோ, மின்சாரம் அறுந்த கணத்தில் கல்லைப் போல் விழும். நீங்கள் அதைப் பறக்கவிடும் இடத்தில் பந்தலும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

உங்கள் ட்ரோனின் அசல் பேட்டரி 2250 எம்.ஏ.எச். கொள்ளளவு உடையது. அதிலுள்ள இரண்டு செல்களும் சேர்ந்து 8.8 வோல்ட் வரை, அதாவது செல் ஒன்றுக்கு 4.4 வோல்ட் வரை சார்ஜ் ஏறும். சாதாரண லித்தியம் பாலிமர் செல்லின் உச்ச வரம்போ 4.2 வோல்ட்தான். விலையைக் குறைப்பதற்காக அந்தச் சாதாரண செல்லை வைத்து, மேல்கூட்டை மட்டும் அசலைப் போலவே ஒருவர் செய்திருந்தால், சார்ஜரில் செருகும் ஒவ்வொரு முறையும் அது அளவுக்கு மீறி ஏற்றப்படும். உப்புவதற்கும் தீப்பிடிப்பதற்கும் அதுவே வழி. கடையில் கையில் வாங்கிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க இயலாது.

இருப்பு எவ்வளவு என்று ட்ரோனுக்குச் சொல்வதும் பேட்டரிக்குள் இருக்கும் மின்சுற்றுதான். எதிர்காற்றில் திரும்பி வரும்போது மோட்டார்கள் அதிக மின்னோட்டத்தை இழுக்கும்; தரம் குறைந்த செல்லின் வோல்டேஜ் அப்போது சட்டென்று சரிய, திரையில் 30 சதவீதம் தெரிகையிலேயே ட்ரோன் தானாகத் தரையிறங்கத் தொடங்கிவிடலாம். கீழே குளமாக இருந்தாலும் இறங்கும்.

2700 என்ற எண்ணையும் கவனியுங்கள். மினி 2-இன் எடை 249 கிராம். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி 250 கிராம் வரைதான் நானோ வகை; இரண்டு கிராம் கூடினாலும் அது மைக்ரோ ஆகிவிடும், மைக்ரோ ட்ரோனைத் தொழிலுக்காக இயக்குபவருக்கு விமானிச் சான்றிதழ் வேண்டும். கொள்ளளவு உண்மையிலேயே கூடியிருந்தால் பெரும்பாலும் எடையும் கூடியிருக்கும். எடை கூடவில்லையென்றால் நான் அந்த எண்ணை நம்பமாட்டேன்.

அசல் பேட்டரி பழுதே ஆகாது என்று சொல்லவில்லை. டி.ஜே.ஐ.யின் மேட்ரிஸ் 200 வரிசை ட்ரோன்களில் அந்நிறுவனத்தின் சொந்த பேட்டரிகளே பறக்கும்போது மின்சாரத்தை இழந்ததால், 2018 அக்டோபரில் பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் எச்சரிக்கை விடுத்தது. ஆனால் அங்கே தயாரிப்பாளர் யாரென்று தெரிந்தது, மென்பொருளைத் திருத்தி வெளியிடும்படியும் ஆயிற்று. பெயர் தெரியாத விற்பனையாளரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

எஃப்.பி.வி. எனப்படும், ட்ரோனின் கேமரா காட்சியைக் கண்முன் நேரலையாகப் பார்த்தபடி ஓட்டும் பந்தய ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்கள் வோல்டேஜைத் தாங்களே பார்த்துக்கொண்டு, டாட்டு போன்ற தனி நிறுவனங்களின் பேட்டரிகளையே வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள்.

அசலையே வாங்குங்கள், நெடுநாள் கடையில் கிடந்த சரக்கா என்றும் விசாரியுங்கள். செயலியில் இரு செல்களின் வோல்டேஜும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, முதல் சில முறை ஆளில்லாத திடலில் தாழ்வாகப் பறக்கவிட்டுச் சோதியுங்கள். உப்பிய பேட்டரியை இனி சார்ஜ் செய்யவோ குத்திப் பார்க்கவோ வேண்டாம்; மின்கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படைக்கும்வரை, தீப்பற்றும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள்.