முப்பது வயதிலேயே நின்றுவிட்டால்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எனக்கு 29 வயதில் மாதவிடாய் நின்றது. இப்போது 41, 11 வருடமாக ஹார்மோன் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். தொழிலால் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. அதனால் யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் மருத்துவரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும். வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, எனக்கு 27. ஏழு மாதமாக பீரியட்ஸ் இல்லை. வரவழைக்கிற மாத்திரை மூன்று தடவை கொடுத்தும் வரவில்லை. டென்ஷன் என்கிறார்கள். ராத்திரியில் வியர்த்து தலையணை நனைகிறது.

கர்ப்பம் இல்லை என்று பார்த்தாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் சூலகம் (கருமுட்டை உருவாகும் உறுப்பு) சுரக்கிற பெண் ஹார்மோன்கள். அந்த மாத்திரை புரோஜெஸ்டிரோன் வகை. கருப்பைக்குள் ஈஸ்ட்ரோஜன் ஏற்கனவே ஒரு படலத்தை வளர்த்து வைத்திருந்தால்தான் அது உதிர்த்துவிடும். ஈஸ்ட்ரோஜனே சுரக்காதபோது அதைக் கொடுப்பது, விளையாத வயலுக்கு அறுவடை ஆள் அனுப்புவது மாதிரி. மூன்று தடவை வரவில்லை என்பதே ஒரு தகவல், அதை டென்ஷன் என்று தள்ளிவிடக் கூடாது. எனக்கும் ஒரு வருடம் இப்படித்தான் போனது, அந்த வருடத்தை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

எஃப்எஸ்எச் (சூலகத்தை வேலை செய்யத் தூண்டுகிற ஹார்மோன்), எஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை), தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்) நான்கையும் எடுக்கச் சொல்லுங்கள். 4 மாதமாவது மாதவிடாய் வராமலோ ஒழுங்கில்லாமலோ இருந்து, எஃப்எஸ்எச் 25 யூனிட்டுக்கு (IU/L) மேல் இருந்தால் சூலகம் முன்கூட்டியே ஓய்கிறது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் 4 முதல் 6 வாரம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது பரிசோதித்தால் எஃப்எஸ்எச் குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உறுதியானால் குரோமோசோம் பரிசோதனை, ஃப்ராஜைல் எக்ஸ் என்கிற மரபணு மாற்றத்துக்கான பரிசோதனை, தைராய்டுக்கும் அட்ரினலுக்கும் (சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பி) எதிரான ஆன்டிபாடி எல்லாம் கேளுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகும் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தெரிவதில்லை. நீங்கள் சாப்பிட்டதாலோ, சூடு பிடித்ததாலோ, ராத்திரி ஷிப்ட் பார்த்ததாலோ வந்தது இல்லை. 40 வயதுக்குள் 100 பெண்களில் ஒருவருக்காவது இது வருகிறது.

ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்து ஆறு மாதமாகிறது, பிரிக்கவே இல்லை. கேன்சர் வரும் என்று நாத்தனார் சொல்கிறார். எனக்கு 33.

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். இந்தப் பயத்தின் வேர் 2002இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு. அதில் கலந்துகொண்டவர்கள் 50 முதல் 79 வயது வரை உள்ளவர்கள், சராசரி வயது 63. இயல்பாகவே ஹார்மோன் குறைந்து வருடக்கணக்கான பிறகு வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள், மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் கூடியது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது, வயது மட்டும் கூடவே பரவவில்லை. உங்கள் வயதில் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் இருந்தாக வேண்டும். பக்கத்து வீட்டு 33 வயதுப் பெண்ணுக்குத் தானாகச் சுரப்பதைத்தான் நீங்கள் மாத்திரையாக எடுக்கப் போகிறீர்கள். சூலகம் வேலை செய்கிற அதே வயதுப் பெண்ணைவிட உங்களுக்குப் புற்றுநோய் ஆபத்து கூடுவதாகத் தெரியவரவில்லை. எடுக்காமல் விட்டால்தான் எலும்பு தேயும், இதய நோய் சீக்கிரம் எட்டிப் பார்க்கும். அதனால்தான் கிட்டத்தட்ட 50 வயது வரை எடுக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து இன்றைக்கே மருத்துவரிடம் பேசி ஆரம்பியுங்கள், ஆறு மாதம் போனது போதும்.

கருப்பை இருக்கிறவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது, கூடவே புரோஜெஸ்டிரோனும் வேண்டும். இல்லையென்றால் கருப்பைப் படலம் தடித்துக்கொண்டே போகும். கண்ணில் மின்னல் அடித்து வருகிற ஒற்றைத் தலைவலி இருந்தால், தோலில் தடவுகிற ஜெல் அல்லது ஒட்டுகிற பேட்ச் பற்றிக் கேளுங்கள்.

மேடம், என் மனைவிக்கு 31, இதே பிரச்சினை. எப்போதும் எரிச்சல், தூக்கம் இல்லை, நெருங்கினால் விலகிப் போகிறாள். என்மேல் வெறுப்போ என்று தோன்றுகிறது.

தம்பி, கேட்டதற்கே நன்றி. வெறுப்பாக இருக்க வேண்டியதில்லை, வலியாக இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பிறப்புறுப்பு வறண்டு, உறவு எரிச்சலாகவும் சில சமயம் ரத்தக் கசிவாகவும் முடியும். அதை வாய்விட்டுச் சொல்ல நம் பெண்களுக்குக் கூச்சம். உள்ளே தடவுகிற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது, வழுவழுப்பு ஜெல் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். அடுத்த தடவை டாக்டரிடம் நீங்களும் கூடப் போய் உள்ளே உட்காருங்கள், வெளியே வண்டியில் காத்திருக்காதீர்கள். அப்புறம் "ஏதாவது விசேஷம் உண்டா" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். அந்த ஒரு பாரத்தை மனைவி தலையிலிருந்து இறக்கினாலே பாதித் தூக்கம் வரும்.

எனக்கு 25, இதே பிரச்சினைதான். பெண் பார்க்க வருகிறார்கள். கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்கிறார் அம்மா.

அம்மாவின் பயம் புரிகிறது, ஆனால் மறைக்காதீர்கள். தினமும் மாத்திரை எடுக்கிற விஷயத்தை ஒரே வீட்டில் எத்தனை நாள் ஒளித்து வைப்பது? தரகரிடமோ அத்தை மூலமாகவோ வேண்டாம், நிச்சயத்துக்கு முன்னால் அந்தப் பையனிடம் நீங்களே நேராகச் சொல்லுங்கள். சொல்லும்போது முழுதாகச் சொல்லுங்கள். தானாகக் கரு உண்டாகிற வாய்ப்பு 100இல் சுமார் 5 பேருக்கு இருக்கிறது. (குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்களும் கவனியுங்கள், இந்த ஹார்மோன் மாத்திரை கருத்தடை இல்லை.) கருப்பை நன்றாக இருந்தால் தானமாகப் பெற்ற கருமுட்டையில் சுமக்கலாம். நம் நாட்டின் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி 23 முதல் 35 வயதுக்குள் உள்ள பெண், வாழ்நாளில் ஒரே முறைதான் தானம் தரலாம். தத்தெடுப்பும் இருக்கிறது. இதைக் கேட்டு எழுந்து போகிறவர் போகட்டும், கல்யாணத்துக்குப் பிறகு போவதைவிட அது மேல். எனக்கு அப்படி இரண்டு பேர் போனார்கள், மூன்றாவது ஆள் இன்னும் கூட இருக்கிறார்.

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்ததில் 34 வயதில் நின்றுவிட்டது. நானும் ஹார்மோன் எடுக்கலாமா?

மேலே 33 வயதுக்காரருக்கு நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. ஹார்மோனால் வளர்கிற வகைப் புற்றுநோய் என்றால் பொதுவாகத் தர மாட்டார்கள், முடிவு உங்கள் புற்றுநோய் மருத்துவருடையது. உடம்பு திடீரென்று கொதிப்பதற்கு வென்லாஃபாக்சின், காபாபென்டின் போன்ற மருந்துகள் உண்டு. டமாக்சிஃபென் (மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் தடுக்கத் தருகிற மாத்திரை) எடுக்கிறீர்கள் என்றால், இதே கொதிப்புக்குத் தருகிற பாராக்ஸெடின் வேண்டாம், அது டமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் கட்டாயம் எடுங்கள்.

சோயா, கேழ்வரகு சாப்பிட்டால் போதாதா அக்கா?

சாப்பிடுங்கள், கேழ்வரகில் கால்சியம் நிறைய. ஆனால் போன ஹார்மோனை எந்தத் தானியமும் திருப்பித் தராது. வேக நடை, கொஞ்சம் எடை தூக்குவது, வைட்டமின் டி அளவு பார்ப்பது, இவை மாத்திரையோடு கூட, மாத்திரைக்குப் பதிலாக இல்லை.

மாத்திரையால் மாதாமாதம் உதிரம் வருகிறது. அது நிஜமான தூரமா? கோயிலுக்குப் போகலாமா?

கருமுட்டை வெளியாகி வருவது இல்லை, மருந்து வளர்த்த படலத்தை மருந்தே உதிர்க்கிறது. கோயில் உங்கள் மனசைப் பொறுத்தது, நான் போகிறேன். உதிரமே வேண்டாம் என்றால் புரோஜெஸ்டிரோனைத் தினமும் எடுக்கிற முறை இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். மைக்ரோனைஸ்டு (மிக நுண்ணிய துகளாக்கிய) புரோஜெஸ்டிரோன் என்றால் தூங்கப் போகும்போது போடுங்கள், சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம். தலை சுற்றித் தூக்கம் வரும், போட்டதும் வண்டி எடுக்காதீர்கள்.