லீக் முழுக்க ஒரே நிறுவனத்தின் ஜெர்சி: மலேசியக் காற்பந்துக்கு ஒத்து வருமா?

கேள்வி: அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீக்கில் எல்லா அணிகளுக்கும் அடிடாஸ்தான் ஜெர்சி கொடுக்கிறது. லீக்கே மொத்தமாக ஒப்பந்தம் போட்டுப் பணம் வாங்குகிறது. மலேசிய சூப்பர் லீக்கும் அப்படிச் செய்தால் நம் கிளப்புகளின் பணக் கஷ்டம் தீருமே, ஏன் செய்வதில்லை?

என் பதில்: பணக் கஷ்டம் ஓரளவு குறையும். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டால், மாநிலத்துக்கு மாநிலம் நாம் பார்த்து வளர்ந்த நிறங்கள் போய்விடும். ஜார்ஜ்டவுனில் ஜெர்சி அச்சடித்துத் தைத்துக் கொடுக்கும் கடை நடத்துகிறேன். பினாங்கு அணியின் ஆட்டங்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். அந்த இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்.

முதலில் அமெரிக்கக் கதை. எம்.எல்.எஸ். 1996இல் 10 அணிகளோடு தொடங்கியபோது ஒரே நிறுவனம் என்ற பேச்சே இல்லை. நைக்கி, அடிடாஸ், ரீபோக் என்று அணிகள் பிரிந்து கிடந்தன. 2004இல்தான் அடிடாஸ் 10 ஆண்டுக்கு 15 கோடி டாலர் என்று லீக் முழுவதையும் எடுத்தது. 2010இல் அதையே 2018 வரை நீட்டித்தார்கள். 2017இல் போட்ட 6 ஆண்டு ஒப்பந்தம் 70 கோடி டாலர் என்று செய்திகளில் வந்தது. 2023இல் மறுபடியும் நீட்டித்து 2030 வரை கொண்டுபோயிருக்கிறார்கள். தொகை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தால் நமக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் அங்கே அது சாத்தியமாவதற்குக் காரணம் லீக்கின் அமைப்பு. எம்.எல்.எஸ். ஒரே நிறுவனமாகக் கட்டப்பட்டது. அணி உரிமையாளர்கள் லீக்கில் பங்குதாரர்கள். ஆட்டக்காரர்களோடு ஒப்பந்தம் போடுவதே லீக்தான். எல்லா அணிக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து போட்டால் போதும். இங்கே கதை வேறு. நம் அணிகள் மாநிலக் காற்பந்துச் சங்கங்களாக இருந்து, 2021 வாக்கில்தான் தனித்தனிக் கிளப் நிறுவனங்களாக மாறின. ஜொகூர் டாருல் தாக்சிம், சிலாங்கூர் மாதிரியான கிளப்புகளின் ஜெர்சி தானாகவே விற்கும். அவர்கள் ஏன் தங்கள் வருமானத்தைப் பொதுப் பானையில் போட வேண்டும்? யார் கேட்டாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். இதற்குப் பதில் இல்லாமல் பேச்சுவார்த்தையே நகராது.

சின்னக் கிளப்புகளின் நிலைமையை நான் லேசாக நினைக்கவில்லை. 2023 சீசனுக்கு மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் உரிமம் கிடைக்கவில்லை. பெட்டாலிங் ஜெயா சிட்டி தானாகவே விலகிக்கொண்டது. நம் இந்தியச் சமூகத்துக்காக மிஃபா (மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம்) வளர்த்த அணியிலிருந்து வந்த கிளப் அது. அது போனது இன்னும் எனக்கு வலிக்கிறது. இப்படித் தள்ளாடும் கிளப்புக்கு ஆட்ட ஜெர்சி, பயிற்சி உடை, கோல்கீப்பர் செட், இளைஞர் அணிக்கான செட் எல்லாம் சீசன் தொடங்கும் முன்பே வந்து சேர்ந்துவிடும் என்ற உறுதி கிடைத்தால் பெரிய நிம்மதி. தனியாகப் போனால், அவர்கள் கேட்கும் எண்ணிக்கைக்குப் பெரிய நிறுவனம் திரும்பிக்கூடப் பார்க்காது. சேர்ந்து வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

அப்புறம் டிசைன். என் மனசு நிற்கிற இடம் இதுதான்.

பெரிய நிறுவனங்கள் ஒரு அடிப்படை வெட்டை வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. கழுத்து, தோள் தையல், கை எல்லாம் எல்லா அணிக்கும் ஒன்றே. நிறத்தையும் நெஞ்சுப் பக்கத்தையும் மாற்றிக் கொடுப்பார்கள். அதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் செய்கிறேன். ஒவ்வொரு அளவுக்கும் புதிதாக வெட்டுமாதிரி போடுவதுதான் செலவு பிடிக்கும் வேலை. வெட்டோடு சேர்த்து முகத்தையும் ஒன்றாக்கும்போதுதான் தப்பு வருகிறது. எம்.எல்.எஸ். தன் 25ஆவது சீசனை 2020இல் கொண்டாடியபோது பெரும்பாலான அணிகளின் தோளில் அடிடாஸின் மூன்று பட்டைகள் பெரிதாக ஏறி உட்கார்ந்தன. எந்த ஊர் அணி என்று தெரிவதற்கு முன்னால் எந்தக் கம்பெனி என்று தெரிந்தது. ரசிகர்கள் கோபப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

இத்தனைக்கும் அதே மூன்று பட்டைகள் 1996இல் டி.சி. யுனைடெட் அணியின் கறுப்பு ஜெர்சியில் நெஞ்சின் குறுக்கே வெள்ளையாக ஓடின. அந்த அணியின் அடையாளமாகவே அது இன்றுவரை பேசப்படுகிறது. கம்பெனியின் முத்திரைதான், ஆனால் அந்தக் கோலத்தில் அது அவர்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்தது.

ஒரே நிறுவனம் என்றாலே சலிப்பு என்றும் நான் சொல்ல வரவில்லை. ஜப்பானின் ஜே லீக் 1993இல் தொடங்கியபோது லீக் ஆட்டங்களுக்கு எல்லா அணிக்கும் மிசுனோதான் ஜெர்சி செய்தது. அந்தக் காலத்து ஜெர்சிகளைத் தேடிப் பாருங்கள், ஒன்றைப் போல ஒன்று இருக்காது. தெறிக்கிற வடிவங்கள், துணிச்சலான நிறச் சேர்க்கைகள். செய்தவர் ஒருவர், ஆனால் ஒவ்வொரு அணிக்கும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஏ லீக் வேறு மாதிரி போனது. 2005இல் ரீபோக்கோடு எல்லா அணிக்கும் சேர்த்துத் தொடங்கி, சில ஆண்டுகளில் அந்த ஒப்பந்தம் முடிந்ததும் கிளப்புகள் தங்கள் இஷ்டப்படி நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டன.

நம் ஊருக்கு வருவோம். மலேசிய அணிகளின் நிறங்கள் மாநிலக் கொடியோடும் அரண்மனையோடும் ஒட்டியவை. சிலாங்கூர் சிவப்பும் மஞ்சளும்; கொடியும் அதே. பினாங்குக் கொடியில் இளநீலம், வெள்ளை, மஞ்சள். அணிக்கு நீலமும் மஞ்சளும். திரெங்கானு வெள்ளையும் கறுப்பும். கெடாவை மலாய்க்காரர்கள் பச்சை மஞ்சள் என்றே கூப்பிடுவார்கள். பேராக்கில் மஞ்சள், பகாங்கில் மஞ்சள், நெகிரி செம்பிலானில் மஞ்சள். தேசிய அணிக்கும் மஞ்சள்தான். அரச நிறம் என்பதால் மஞ்சள் இங்கே எல்லோருக்கும் வேண்டும். ஒரு வெளிநாட்டு நிறுவனம் தன் துணிப் பட்டியலில் ஒரே ஒரு மஞ்சளை வைத்துக்கொண்டு வந்தால் பாதி லீக் ஒரே சட்டையில் நிற்கும். பேராக்கின் மஞ்சள் வேறு, கெடாவின் மஞ்சள் வேறு என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதை ஒப்பந்தத்தில் யார் எழுதுவார்கள்?

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. கடையில் எப்படி வேலை நடக்கிறது என்று சொல்கிறேன். சப்ளிமேஷன் முறையில் வெள்ளை பாலியெஸ்டர் துணிதான் அடிப்படை. டிசைனைக் காகிதத்தில் இடம் வலம் மாற்றி அச்சடிப்போம். காகிதத்தில் நிறம் செத்துப்போன மாதிரி மங்கலாக இருக்கும். அதைத் துணிமேல் வைத்து, சுமார் 200 டிகிரி சூட்டில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அழுத்தி, காகிதத்தை உரித்து எடுத்தால் நிறம் இழைக்குள் இறங்கிப் பளிச்சென்று நிற்கும். இதில் நீலம்தான் எங்களைப் படுத்தும். சூடோ மையோ கொஞ்சம் மாறினால் ஊதாப் பக்கம் ஓடிவிடும். ஒரு நாள் பினாங்கு ரசிகர் குழுவுக்காகச் சட்டை மாதிரி அடித்துக் காட்டினேன். வந்திருந்த பையன் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே போய் வெயிலில் பிடித்துப் பார்த்தான். திரும்பி வந்து, "அண்ணே, இது நம்ம நீலம் இல்ல" என்றான். கம்ப்யூட்டர் திரையில் எனக்குச் சரியாகத் தெரிந்த நிறம்தான். வெயிலில் அவன் சொன்னதுதான் உண்மை. மறுபடி அடித்தோம்.

இந்த முறையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பத்து அணிக்குப் பத்து விதமான நெஞ்சு டிசைன் அடிப்பதும் ஒரே டிசைனைப் பத்து நிறத்தில் அடிப்பதும் அச்சுச் செலவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் "செலவு அதிகம், அதனால் எல்லோருக்கும் ஒரே டிசைன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறம் ஏற்றிய துணியை மொத்தமாக வாங்கி வெட்டும் பெரிய நிறுவனத்தின் கணக்கு வேறு, அது நியாயம். அதற்கும் ஒரு விலை உண்டு. 2023 ஜூலையில் மெஸ்ஸி இன்டர் மயாமிக்கு வந்தபோது அந்த இளஞ்சிவப்பு ஜெர்சிக்குத் துணியே போதவில்லை. கேட்ட ரசிகர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்திரீட்டில் போலி ஜெர்சி மட்டும் தட்டுப்பாடே இல்லாமல் தொங்கியது.

உள்ளூரில் நான் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வட்டாரப் போட்டியில் ஏற்பாட்டாளர்கள் எல்லா அணிக்கும் ஒரே ஸ்பான்சர், ஒரே டிசைன், நிறம் மட்டும் வேறு என்று முடிவு செய்தார்கள். தைத்தது வேறு கடை. எலுமிச்சை மஞ்சள் ஒரு அணிக்கு, தங்க மஞ்சள் இன்னொன்றுக்கு. பகலில் வித்தியாசம் தெரிந்தது. ராத்திரி விளக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. நடுவர் பாதியில் ஆட்டத்தை நிறுத்தி ஒரு அணிக்குப் பயிற்சி மேலாடை போடச் சொன்னார். பிள்ளைகள் தங்கள் தாமான் (குடியிருப்பு) பெயர் போட்ட சட்டையை மூடிக்கொண்டு ஆடினார்கள். ஓரத்தில் நின்ற பெற்றோர் முகம் வாடிப்போனதை மறக்க முடியவில்லை.

சரி, என்னதான் செய்யலாம்? இங்கிலாந்து பிரீமியர் லீக் ஒரு வழி காட்டுகிறது. அங்கே ஜெர்சி நிறுவனத்தை ஒவ்வொரு கிளப்பும் தானே தேர்ந்தெடுக்கிறது. ஆனால் 1997இலிருந்து முதுகில் போடும் பெயரும் எண்ணும் லீக் முழுக்க ஒரே எழுத்து வடிவம். கையில் லீக் முத்திரை. நம் லீக்கும் எண், பெயர், கை முத்திரை, பயிற்சி உடை, பந்து ஆகியவற்றைச் சேர்த்து வாங்கலாம். கை முத்திரைக்கு ஒரு ஸ்பான்சரைப் பிடித்து அந்தப் பணத்தைச் சமமாகப் பிரிக்கலாம். 1989 முதல் 2004 வரை டன்ஹில் நம் லீக்கையே மொத்தமாகத் தாங்கியது. லீக்குக்கு ஒரே ஸ்பான்சர் என்பது நமக்குப் புதிதல்ல. சிகரெட் காசு வேண்டாம், வேறு நல்ல கம்பெனி வரட்டும். ஆட்ட ஜெர்சி மட்டும் கிளப் கையில் இருக்கட்டும். வசதி இல்லாத கிளப்புகள் நான்கைந்து சேர்ந்து ஓர் உள்ளூர்த் தயாரிப்பாளரிடம் போனால் அவர்களுக்கும் நல்ல விலை கிடைக்கும்.

இதையெல்லாம் மீறி ஒரே நிறுவனம்தான் என்று முடிவானால், கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு கிளப்பும் தன் நிறங்களைப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். நெஞ்சு டிசைனில் இரண்டு அணிக்கு ஒரே வடிவம் கூடாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் முத்திரை இத்தனை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் இருக்க வேண்டும். கடைசி மாதிரியைக் கிளப்போடு ரசிகர் குழுவும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். நிறத்தைத் திரையில் அனுப்பும் படமாகக் கொடுக்காதீர்கள். அடித்த துணித் துண்டாகக் கொடுங்கள், அதன் பின்னால் கிளப்பின் முத்திரையும் தேதியும் போடுங்கள். ஒரு துண்டு நிறுவனத்திடம், ஒரு துண்டு லீக்கிடம், ஒரு துண்டு கிளப் அலுவலகத்தில். சரக்கு வந்து இறங்கும் அன்று பெட்டியைப் பிரித்து, அந்தத் துண்டை ஜெர்சியின் மேல் வைத்து, வெயிலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.