வாத்தியார் தாத்தா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவின் அப்பா 1952 முதல் 1989 வரை சீர்காழிப் பக்கம் அரசு உதவி பெறும் ஒரு எய்டட் பள்ளியில் வாத்தியார். போன மாசியில் காலமானார். தலைத்திவசத்துக்கு நினைவு மலர் கொண்டுவர நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன், இணைத்துள்ளேன். என்ன தலைப்பு வைக்கலாம்? பேச்சு நடையில் எழுதலாமா? அவர் பிள்ளைகளைப் பிரம்பால் அடிப்பாராம். அதை விட்டுவிடச் சொல்கிறார் அம்மா. அச்சகத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

க.

அன்புள்ள க.,

நாற்பது பக்கத்தையும் படித்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு உங்களைப் பேப்பர் படிக்கச் சொல்லி, படுத்தபடியே உச்சரிப்பைத் திருத்துகிறாரே, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மற்ற பக்கமெல்லாம் எளிமையின் சிகரம், அறிவுக் கடல். கல்யாண மண்டப வாசலில் கட்டும் பிளெக்ஸ் மாதிரி, பெயரை மட்டும் மாற்றினால் எந்த வாத்தியாருக்கும் பொருந்தும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். 37 வருஷம் வேலை பார்த்த மனிதரின் வேலையைப் பற்றி இதில் ஒரு பத்திகூட இல்லை. நீங்கள் பார்த்தது பென்ஷன் வாங்கிய தாத்தாவை. வாத்தியாரை நீங்கள் பார்த்ததே இல்லை. அவரைப் பார்த்தவர்களிடம் போய்க் கேட்கவும் இல்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷமே, 1953இல், ராஜாஜியின் அரைநாள் படிப்புத் திட்டம் வந்தது. குலக்கல்வி என்று எதிர்த்தார்களே, அதேதான். பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில். காலையில் ஒரு கூட்டம் போனால் மதியம் இன்னொரு கூட்டம் வரும். வாத்தியாருக்கு இரண்டு வேளையும் பாடம். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. புதிதாக வேலைக்கு வந்த அந்த இளைஞர் இதைப் பற்றி என்ன நினைத்தார்? 1956இல் மதிய உணவு தொடங்கியபோது ஊராரிடம் அரிசி பருப்பு கேட்டுப் போன வாத்தியார்கள் நிறையப் பேர். உங்கள் தாத்தா யார் வீட்டு வாசலில் நின்றார்? யார் இல்லையென்று சொன்னார்கள்?

என் தாத்தாவும் எய்டட் பள்ளி வாத்தியார்தான். அரசாங்க கிராண்ட் வந்தால்தான் சம்பளம். மேனேஜர் முழுத் தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு குறைத்துக் கொடுப்பாராம். பாட்டி சாகும்வரை அதைச் சொல்லித் திட்டினாள். தாத்தா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அவருடைய காரியத்துக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். பழைய மாணவர். பந்தலில் உட்கார்ந்து, "பதினாறாம் வாய்ப்பாடு இன்னமும் தலைகீழாச் சொல்வேன். அன்னிக்கு விட்ட அறையில இந்தக் காது போச்சு. ரெண்டும் அவர் கொடுத்ததுதான்" என்றார். மாமா அவசரமாக "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டு அவரை எழுப்பி அழைத்துக்கொண்டு போய்விட்டார். கேட்காத காதோடு அந்த மனிதர் ஏன் அவ்வளவு தூரம் வந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வந்தார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், போனார். தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆகவே பிரம்பு மலரில் இருக்கட்டும். யாரை அடித்தார், எதற்கு அடித்தார், அடிபட்டவர் இப்போது என்ன சொல்கிறார், எல்லாம். "அந்தக் காலத்தில் எல்லோரும் அடித்தார்கள்" என்ற சப்பைக்கட்டு மட்டும் வேண்டாம். அம்மா வருத்தப்படுவார், படட்டும்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876இல். அவருடைய சரித்திரத்தை உ.வே.சா. இரண்டு பாகமாக வெளியிட்டது 1933, 34இல். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்து திருவாசகம் படித்த மாணவர் அவர், பக்தியில் உங்களுக்குச் சற்றும் குறைந்தவரில்லை. ஆனாலும் ஆசிரியரின் கடனையும் பணமுடையையும் மறைக்கவில்லை. பழகியவர்களைத் தேடித் தேடிக் கேட்டுத்தான் எழுதினார். நீங்கள் பதினோரு மாதத்தில், வீட்டு ஹாலை விட்டு நகராமலேயே முடித்துவிட்டீர்கள்.

பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். அது அழிக்கக்கூடாத பதிவேடு. தலைமையாசிரியரிடம் முறையாக அனுமதி கேளுங்கள். பிள்ளையின் பெயர், அப்பா பெயர், தொழில், பிறந்த தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். அதில் எத்தனை பேர் மே, ஜூனில் பிறந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், சிரிப்பு வரும். தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஐந்து வயது நிறையும்படி வாத்தியார்களே ஒரு பிறந்தநாளை எழுதிவிடுவார்கள். பிற்பாடு அந்தப் பிள்ளைகள் ரிட்டயர் ஆகும் நாள்கூட வாத்தியார் போட்ட கணக்குத்தான். அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு தெருத் தெருவாக விசாரியுங்கள். 1953இல் ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் இப்போது எண்பதை ஒட்டியிருப்பார்கள். முதலில் அவர்களிடம் போங்கள், பிற்பாடு மற்றவர்களிடம்.

தலைப்பு, நடை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அச்சகக்காரரிடம் இப்போதே பேசி, இந்த மாசியை விட்டு அடுத்த வருஷ மாசிக்குத் தள்ளிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முன்பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை.