அப்பாடா என்னும் வெளிமூச்சு

வணக்கம் ஐயா,

செங்கல்பட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 43, வங்கியில் கவுன்டர் வேலை. காலை 5 மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மின்சார ரயிலைப் பிடித்து சென்னை போய்த் திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். மூன்று மாதமாகத் தோளும் கழுத்தும் இறுகிக் கிடக்கின்றன. சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். பத்தரைக்குப் படுத்தால் மூன்று மணிக்கு விழிப்பு, பிறகு தூக்கமில்லை. ரத்த அழுத்தம், தைராய்டு, இசிஜி எல்லாம் பார்த்துவிட்டு, “ஸ்ட்ரெஸ்தான், குறைச்சுக்கோங்க” என்றார் டாக்டர். எப்படி என்று சொல்லவில்லை. தியானம் செய்து பார்த்தேன். கண்ணை மூடிய ஐந்தாவது நிமிஷம் படபடப்பு கூடுகிறது. ஆழ்ந்த மூச்சு எடுத்தால் தலை சுற்றி உதடு மரத்துப்போகிறது. மூச்சை அடக்கிப் பார்த்தேன், பயமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் குடிக்கும் ஒரு டம்ளர் ஃபில்டர் காபிதான் எனக்கென்று இருக்கும் ஒரே சுகம். நாளில் 20 நிமிஷம்கூட ஒதுக்க முடியாத நான் என்ன செய்வது?

ச., செங்கல்பட்டு

அன்புள்ள ச. அவர்களுக்கு,

தலைசுற்றலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் அங்கேதான் பயிற்சியைக் கைவிடுகிறார்கள். ‘ஆழ்ந்த மூச்சு’ என்றதும் தோளை உயர்த்தி நெஞ்சு முட்ட இழுக்கிறோம், விட்ட கையோடு மறுபடி இழுக்கிறோம். பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்தால் ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், உதடும் விரல்நுனியும் மரக்கும். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் சரியாகும். உங்களுக்கு வேண்டியது குறைவான காற்று, மெதுவான வேகம்.

பாரத்தை இறக்கி வைத்ததும் தானாக வருகிறதே ‘அப்பாடா’, அது ஒரு நீண்ட வெளிமூச்சு. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரையும். விடும்போது வேகஸ் நரம்பின் பிடி கூடித் துடிப்பு தணியும். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரலை வைத்தால் பலருக்கு இது கையிலேயே தெரியும். வயது ஏற ஏற வேறுபாடு குறையும், அதனால் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம்.

ஒரு கையைத் தொப்புளுக்கு மேலும் மறு கையை நெஞ்சிலும் வையுங்கள். மூக்கால், நான்கு எண்ணும் வரை இழுங்கள். வழக்கமாக எடுக்கும் காற்றே போதும். வயிற்றுக் கை எழ வேண்டும், நெஞ்சுக் கை சும்மா இருக்க வேண்டும். பிறகு உதட்டைக் குவித்து, சூடான பாலின் மேலிருக்கும் ஆடை கலையாமல் ஊதுவதுபோல, ஆறு எண்ணும் வரை விடுங்கள். எண்ணுக்கு ஒரு விநாடி என்றால் ஒரு மூச்சுக்கு 10 விநாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. திணறினால் 3 எண்ணி இழுத்து 4 எண்ணி விடுங்கள். விடுவது நீளமாக இருந்தால் சரி. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே வந்தால் 12 கணு, 12 மூச்சு, 2 நிமிடம். நீங்கள் சொன்ன 20 நிமிடம் இதற்குத் தேவையில்லை.

மூச்சை அடக்காதீர்கள். திருமூலர் மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16, அடக்கும் கும்பகத்துக்கு 64, விடும் ரேசகத்துக்கு 32 மாத்திரை நேரம் சொல்கிறார். வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளம் என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம். கும்பகம் குருவின் பக்கத்தில் இருந்து பழக வேண்டியது. ஏற்கெனவே படபடப்பு உள்ளவர் காணொளியைப் பார்த்து அடக்கினால், மூச்சு முட்டுவதையே உடம்பு ஆபத்தாக எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு வந்த பயம் அதுதான்.

காலை ரயிலில் கண்ணைத் திறந்துகொண்டே செய்யலாம், நின்றுகொண்டும் செய்யலாம். பரனூரில் தொடங்கினால் சிங்கப்பெருமாள் கோவில் வருவதற்குள் ஒரு சுற்று முடியும். மாலை ரயிலில் இன்னொன்று. இரண்டு வாரம் இப்படிச் சாதாரண நேரத்தில் பழகிய பிறகுதான், கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் சத்தம் போடும்போது இது கைகொடுக்கும். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது முதல் தடவையாகச் செய்து பார்த்தால் பலிக்காது.

தியானத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். கண்ணை மூடினால் கவனம் நேராக நெஞ்சுத் துடிப்புக்குப் போகிறவர்களுக்கு நடைதான் நல்லது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம், முடிந்தால் வெளியே. தோளும் கழுத்தும் இளகவும் அதுவே உதவும்.

காபி உங்கள் சுகம் என்கிறீர்கள். அதைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் காபியிலுள்ள கஃபைனில் பாதி குறையவே பெரும்பாலோருக்கு 5 மணி நேரம் போல ஆகும். ஏழரைக்குக் குடித்தால் நள்ளிரவு பன்னிரண்டரைக்கும் பாதி மிச்சம் இருக்கும். தூக்கம் வந்தாலும் மேலோட்டமாகவே இருக்கும். ஒரேயடியாக நிறுத்தினால் சில நாள் தலைவலி மண்டையைப் பிளக்கும், அதனால் முதல் வாரம் டிகாக்‌ஷனைப் பாதியாக்குங்கள், அடுத்த வாரம் காபித்தூள் சேராத சுக்குமல்லிக் காபிக்கு மாறுங்கள். அதே டம்ளர், அதே நாற்காலி, அதே பத்து நிமிடம். கஃபைன் உள்ள காபியும் டீயும் மதியம் இரண்டு மணியோடு சரி.

இரவின் பின்பாதியில் உறக்கம் எல்லோருக்கும் இலேசாகிவிடும், நடுவில் விழிப்பதும் இயல்புதான். விழித்ததும் மொபைலை எடுத்து மணி பார்ப்பதில்தான் கெடுகிறது. ‘இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருக்கு’ என்ற கணக்கு ஓடினால் முழு விழிப்பு வந்துவிடும். மொபைலை ஹாலில் வைத்துவிட்டு, ஐந்து மணிக்கு அடிக்கும்படி ஒரு சாதாரண அலாரம் கடிகாரத்தை முகம் தெரியாமல் திருப்பி வையுங்கள். உத்தேசமாக 20 நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து போய், மங்கிய வெளிச்சத்தில் துணி மடியுங்கள். கண் செருகும்போது திரும்பிப் படுங்கள். படுக்கை என்றால் கவலைப்படும் இடம் என்று உடம்பு பழகிப்போயிருக்கிறது, அதை மாற்றத்தான் இவ்வளவும். ஞாயிற்றுக்கிழமையும் 6 மணிக்கு எழுந்துவிடுங்கள். மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் போனால் அன்றிரவு பாழ்.

மூன்று மணிக்கு வரும் கவலைகளுக்கும் ஓர் இடம் வேண்டும். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983இல் ஒரு முறையை எழுதினார்கள்: தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி கவலைப்படுவது, மற்ற நேரத்தில் வரும் கவலையை அதற்கெனத் தள்ளிப்போடுவது. உங்களுக்கு மாலை ரயிலில் 15 நிமிடம் போதும். சின்ன நோட்டில் இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை. இடப்பக்கம் ‘பெரியவன் ஃபீஸ்’ என்றால் வலப்பக்கம் ‘திங்கள் மதியம் தவணை உண்டா என்று போனில் கேட்கணும்’. வலப்பக்கம் எழுத ஒன்றுமில்லாத கவலைகளும் இருக்கும். ஒரு கோடு போட்டு விட்டுவிடுங்கள்.

இந்த வாரம் ரயில் மூச்சை மட்டும் தொடங்குங்கள். நடு இரவில் வியர்த்து விழிக்கிறீர்கள் என்றால், இந்த வயதில் ஹார்மோன் மாற்றமும் காரணமாகலாம், மகளிர் மருத்துவரைப் பாருங்கள். அதிகாலை விழிப்போடு எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். வாழ்க்கையே வேண்டாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்