கையில ஏ7 த்ரீ இருக்கு, ஏ7 ஃபோர் வாங்கலாமா?

கல்யாண ஆர்டர் எடுக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "சார், சோனி ஏ7 த்ரீயும் கூட வந்த 28-70 கிட் லென்ஸும் வச்சிருக்கேன். மண்டபத்துல எடுக்கிற படமெல்லாம் ஒரே நாய்ஸ். ஏ7 ஃபோருக்கு மாறினா சரியாயிடுமா?"

நாய்ஸுக்காக, அதாவது இருட்டுல எடுத்தா படத்துல விழற புள்ளி புள்ளிக்காக மட்டும்னா மாறாதீங்க தம்பி. உங்க பிரச்சனை பாடியில (லென்ஸ் இல்லாத கேமரா) இல்ல, லென்ஸ்ல இருக்கு. அந்த கிட் லென்ஸ் 70 எம்எம் போனா எஃப் 5.6க்கு மேல திறக்காது (எஃப் நம்பர் குறையக் குறைய லென்ஸ் அதிகமா திறக்கும்), அதுக்கு பதிலா டாம்ரான் 28-75 மாதிரி ஒரு எஃப் 2.8 ஜூம் போட்டீங்கன்னா ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம் உள்ள வரும், ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சம் பத்தாதப்போ கேமராவுல ஏத்தி வைக்கிற நம்பர், 6400 வச்ச இடத்துல 1600 போதும், அது குறைஞ்சா நாய்ஸும் குறையும். புது பாடி மட்டும் வாங்கினா இந்த வித்தியாசம் கிடைக்கவே கிடைக்காது. 2018ல வந்த உங்க கேமராவும் 2021ல வந்த ஏ7 ஃபோரும் எடுத்த படத்தை ஒரே சைஸ்ல பிரிண்ட் போட்டு பக்கத்துல வச்சா நாய்ஸ்ல பெருசா ஒண்ணும் தெரியாது. லென்ஸ் வாங்கினா காசும் வீணாகாது, நாளைக்கு ஏ7 ஃபோருக்கு மாறினாலும் லென்ஸ் மாட்டுற இடம் அதே ஈ மவுண்ட்தான்.

அடுத்து மெகாபிக்சல். 24லேர்ந்து 33னு கேக்கும்போது பெருசா தெரியும், ஆனா அகலத்துல பாத்தா 6000 பிக்சல் 7008 ஆகுது, அவ்ளோதான். நம்ம 12க்கு 36 ஆல்பத்துல ஒரு பக்கம் 12க்கு 18, அதுல ஒரு படத்தை முழுசா போட்டாலும் 24 மெகாபிக்சல்ல 300 டிபிஐக்கு (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கற கணக்கு) மேலயே வருது, நல்ல பிரிண்ட்டுக்கு அது போதும்.

ஐ ஃபோகஸ், அதாவது கண்ணைப் பிடிச்சு ஃபோகஸ் பண்றது, சரியில்லன்னு தோணுச்சுன்னா முதல்ல கேமராவோட ஃபர்ம்வேர் (உள்ள இருக்கிற சாஃப்ட்வேர்) வெர்ஷனை பாருங்க. 2019ல வந்த 3.0 அப்டேட்லதான் கண்ணை விடாம தொடர்ந்து ஃபோகஸ் பண்ற ரியல்டைம் ஐ ஏஎஃப் கொடுத்தாங்க, அது ஃப்ரீ, இன்னும் போடாம பழைய வெர்ஷன்லயே ஓட்டுறவங்க இருக்காங்க.

அப்போ ஏ7 ஃபோர் யாருக்கு? வீடியோவும் சேத்து எடுக்கிறவங்களுக்கு, அதுல சந்தேகமே இல்ல. உங்க கேமரா 8 பிட், ஒரு கலருக்கு 256 படிதான், எஸ்-லாக்ல (சோனியோட வெளிறின வீடியோ மோட்) எடுத்து அப்புறம் கலர் கிரேடிங் பண்ணும்போது ரிசப்ஷன் மேடை பேக்ட்ராப்ல கோடு கோடா விழும். ஏ7 ஃபோர் 10 பிட், 1024 படி. அரை மணி நேரத்துல ரெக்கார்டிங் தானா நிக்கிற தொல்லையும் அதுல இல்ல, முகூர்த்தம் நடக்கும்போது இது எவ்ளோ பெரிய நிம்மதின்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு கார்டு ஸ்லாட்டும் வேகமானது, உங்களோடதுல ரெண்டாவது ஸ்லாட் வேகம் குறைஞ்ச யூஎச்எஸ்-1 தான், அதனால ரெண்டு கார்டுலயும் ஒரே நேரத்துல பேக்கப் எழுத வச்சா இழுக்கும். எனக்கு கேட்டா கல்யாண வேலைக்கு மெகாபிக்சலை விட இதுதான் முக்கியம், ஒரு கார்டு போச்சுன்னா தாலி கட்டுற படத்தை திரும்ப எடுக்க முடியாது.

அதுலயும் குறை இருக்கு, கடையில சொல்ல மாட்டாங்க. 4கே 60ல எடுத்தா ஃப்ரேம் 1.5 மடங்கு கிராப் ஆகும், அதாவது ஓரம் வெட்டுப்படும், 24 எம்எம் லென்ஸ் 36 மாதிரி ஆயிடும், சின்ன மண்டபத்துல பின்னாடி நகர இடம் இருக்காது. தொடர்ந்து ஃபோட்டோ எடுக்கும்போது செகண்டுக்கு 10 ஃப்ரேம்ங்கறதும் தரம் கொஞ்சம் குறைச்சு சுருக்கின கம்ப்ரஸ்டு ரா ஃபைலுக்குத்தான், தரம் குறையாத லாஸ்லெஸ் ரா வச்சா 6 கிட்ட இறங்கிடும்.

ஆக ஃபோட்டோ மட்டும்னா இப்போ லென்ஸ் வாங்குங்க. வீடியோ ஆர்டரும் நிறைய வருதுன்னா ஒரு கல்யாணத்துக்கு ஏ7 ஃபோரை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்க, அந்த 10 பிட் ஃபைலை உங்க கம்ப்யூட்டர்ல போட்டு எடிட்டிங் டைம்லைன் திக்காம ஓடுதான்னும் பாத்துடுங்க, பழைய சிஸ்டம்னா அதுக்கும் சேத்து பட்ஜெட் போடணும்.